காகிதப்பூக் கொடிக்கு ஒரு நியாயம்

வாசலில் நிற்கும் செடிகொடிகளை மதிப்பிடுவதில் நம்மவர்களுக்குப் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. பூவுக்குப் பரிமளம் இருக்க வேண்டும். அது சுவாமிக்குச் சாத்தத் தகுந்ததாக இருக்க வேண்டும். பெண்கள் தலையில் சூடிக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்றும் வாய்க்காவிட்டால் மருந்துக்காவது உதவ வேண்டும். முல்லையும் பிச்சியும் சங்குப்பூவும் இந்தப் பரீட்சையில் எளிதில் தேறிவிடுகின்றன. காகிதப்பூக் கொடியோ எல்லாவற்றிலும் தோற்றுப்போகிறது. மணம் இல்லை, பூஜைக்கு எடுப்பார் அரிது, சரத்தில் தொடுப்பதில்லை, வைத்தியத்திலும் அதற்குப் பெரிய பேர் கிடையாது, போதாக்குறைக்கு முள் வேறு. ஆயினும், சித்திரை வெயிலில் தமிழ்நாட்டின் எந்த ஊருக்குள் நுழைந்தாலும், மற்றச் செடிகளெல்லாம் வாடி வதங்கி நிற்கும் அந்த வேளையில், தூரத்திலிருந்தே கண்ணைப் பற்றி இழுக்கும் வர்ணம் பெரும்பாலும் இந்தக் கொடியினுடையதாகவே இருக்கிறது. இப்படி எங்கும் நிறைந்திருந்தும் எவராலும் பொருட்படுத்தப்படாத ஒரு கொடிக்காகச் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம். தண்ணீருக்கு ஏங்கும் நம் ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அலங்காரக் கொடி வேறொன்று இல்லை என்பதும், நாம் அதை வளர்க்கிற விதமே அதன் சோபையைக் கெடுத்துவிடுகிறது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இதன் ஜன்மபூமி தென் அமெரிக்கா. பிரேசில், பெரு, பொலிவியா, அர்ஜென்டினா முதலிய தேசங்களில் இது தன் போக்கில் மரங்களின்மேல் ஏறிப் படர்ந்து கிடந்ததே ஒழிய, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் ஐரோப்பியத் தாவர சாஸ்திரிகள் இதற்கு ஒரு பெயர் சூட்டியிருக்கவில்லை. 1766ஆம் வருஷத்தில், பிரெஞ்சு அரசாங்கத்தின் சார்பில், பூமியைச் சுற்றிவரும் நெடிய கடல் யாத்திரைக்கு லூயி அந்துவான் தெ பூகேன்வில் என்னும் தளபதி புறப்பட்டார். அவருடைய இரண்டு கப்பல்களுள் ஒன்றில், வழியிலுள்ள தேசங்களின் தாவரங்களைச் சேகரித்து ஆராயும் பொறுப்போடு, பிலிபேர் கொமெர்சோன் என்ற இயற்கை நூல் வல்லார் அமர்த்தப்பட்டிருந்தார். 1767இல் ரியோ டி ஜெனீரோ துறைமுகத்தில் அவர்கள் தங்கியிருந்த காலத்தில் இக்கொடி அவருடைய சேகரத்தில் வந்து சேர்ந்தது. தளபதியின் பெயரை அதற்கு வைத்தார். 1789இல் வெளிவந்த ழூசியூவின் தாவர நூலில் அப்பெயர் அச்சேறியது. போகன்வில்லா என்று இன்று நம் நர்சரிக்காரர்களும் அதைச் சொல்கிறார்கள்.

இந்தச் சரித்திரத்தில் பலர் அறியாத பாத்திரம் ஒருவர் உண்டு. கொமெர்சோனின் பணியாளாக, ஆண் உடை தரித்து, ழான் பாரே என்னும் பெண்மணி அக்கப்பலில் வந்திருந்தார். கடற்படைக் கப்பல்களில் பெண்கள் பிரயாணம் செய்யக்கூடாது என்பது அக்காலத்துப் பிரெஞ்சு விதி. மூலிகைகளைப் பற்றிய ஞானம் நிரம்பியவரான அவர், மலையேறியும் காடு புகுந்தும் செடிகளைப் பறித்து, உலர்த்தி, கட்டுக் கட்டாகச் சுமந்துவந்து உழைத்தார். ரியோவில் தங்கியபோது கொமெர்சோன் காலில் ஆறாத புண்ணோடு நடமாட இயலாமல் அவதிப்பட்டார்; ஆகையால் இக்கொடியின் முதல் மாதிரியைப் பறித்துக் கொணர்ந்தவர் பாரேயாகவே இருக்கக்கூடும் என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அவர் பெண் என்ற உண்மை 1768இல் டாஹிட்டித் தீவில் பகிரங்கமாயிற்று. பின்னர் அவர் மொரீஷியஸ் தீவில் தங்கி, கொமெர்சோன் 1773இல் அங்கே காலமான பிறகு விவாகம் செய்துகொண்டு பிரான்சுக்குத் திரும்பினார். உலகத்தைச் சுற்றிவந்த முதல் பெண்மணியாக இன்று போற்றப்படுபவர் அவரே. 1785இல் பிரெஞ்சுக் கடற்படை அவருக்கு வருஷத்துக்கு 200 லீவர் உபகாரச் சம்பளம் அளித்தது. 2012ஆம் வருஷத்தில், தென் அமெரிக்காவில் வளரும் கத்தரி இனத்துச் செடி ஒன்றுக்குத் தாவர சாஸ்திரிகள் அவர் பெயரைச் சூட்டினார்கள். பள்ளிக்கூடத்து மதிலில் படர்ந்திருக்கும் கொடியைக் காட்டி, இந்தப் பெண்மணியின் கதையைப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் சொல்வாரானால், அன்றைய பாடம் அவர்கள் மனத்தைவிட்டு நீங்காது என்று நினைக்கிறேன்.

சரித்திரம் இருக்கட்டும், கொடியிலிருந்து ஒரு கொத்தை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு சற்று நிதானமாகப் பாருங்கள். ஊதாவோ சிவப்போ ஆரஞ்சோ, நாம் பூவென்று மயங்கும் அந்த மெல்லிய ஏடுகள் உண்மையில் பூவிதழ்கள் அல்ல. பூவைச் சூழ்ந்து காக்கும் பொருட்டு வர்ணம் பெற்ற இலைகள். தாவர நூலார் அவற்றைப் பூவடிச்செதில்கள் என்பார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இலைக்கு உள்ளதைப் போன்ற நடுநரம்பும் அதிலிருந்து கிளைக்கும் வலைப்பின்னலும் தெளிவாகத் தெரியும். மூன்று ஏடுகள் ஒன்றுகூடி நிற்க, ஒவ்வொன்றின் நடுநரம்பிலும் ஒட்டிக்கொண்டு, ஓர் அங்குலத்துக்கும் குறைவான மெல்லிய குழல் ஒன்று எழுகிறது. அதன் வாய் விரிந்து, வெண்மையான சிறு நட்சத்திரமாக மலர்கிறது. அதுவே இதன் மெய்யான புஷ்பம். ஒரே கொத்தில் ஒன்று விரிந்தும் ஒன்று விரியாமலும் இருக்கக் காணலாம். மலர் வாடிவிட்ட பிறகும் வர்ண ஏடுகள் வாரக்கணக்கில் கொடியிலேயே தங்கிவிடுகின்றன. நம் கண்ணுக்கு இக்கொடி மாதக்கணக்கில் பூத்துக்கொண்டே இருப்பதுபோலத் தோன்றுவதன் ரகசியம் இதுதான். பெரும்பாலான மலர்களுக்குச் சிவப்பும் ஊதாவும் தருகிற சாயப்பொருள் இதில் கிடையாது. பீட்ரூட் கிழங்குக்குச் சிவப்பை அளிக்கும் இனத்துச் சாயமே இதற்கும் வர்ணத்தை அளிக்கிறது. நம் வேலியோரத்து அந்திமந்தாரையும், கீரையாகச் சமைத்துண்ணும் மூக்கிரட்டையும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை அறியும்போது, தூர தேசத்திலிருந்து வந்த இக்கொடி நமக்கு அத்தனை அந்நியமானது அல்ல என்று தோன்றுகிறது.

இன்னொரு விஷயத்தை அவசியம் கவனிக்க வேண்டும். இக்கொடியை வளர்க்கும் வித்தை முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. இலை தண்டோடு சேரும் இடுக்கில், சற்று வளைந்த கூரிய முள் ஒன்று நிற்பதைக் காண்பீர்கள். பற்றிக்கொள்ளச் சுருள் கம்பியோ, சுற்றி ஏறும் சுபாவமோ இல்லாத இக்கொடிக்கு மரத்தின்மேல் தொற்றி ஏறுவதற்கு இருக்கும் ஒரே சாதனம் அந்த முள்தான். நுனிக் கிளைக்குப் போனால், முள் இருக்க வேண்டிய அதே இடுக்கில் பூங்கொத்து இருக்கிறது. முள்ளும் பூங்கொத்தும் ஒரே வகை மொட்டிலிருந்தே உருவாகின்றன. அந்த இளம் மொட்டு முள்ளாவதும் பூவாவதும் கொடியின் அப்போதைய நிலையைப் பொறுத்தது. தண்ணீரும் தழைச்சத்தும் மிதமிஞ்சிக் கிடைத்து, கொடி கொழுத்து நீண்டு ஓடுகிற பருவத்தில் மொட்டுகள் முள்ளாக முடிகின்றன. வெயில் நிறையப் பட்டு, வேரடி மண் உலர்ந்து, பகற்பொழுது குறைந்து, ஓட்டம் தணியும் பருவத்தில் அதே மொட்டுகள் பூவாகின்றன. ‘எங்கள் வீட்டுக் கொடியில் முள்தான் இருக்கிறது, பூவே இல்லை’ என்று முறையிடுகிறவர்கள், தாங்கள் அன்போடு செய்யும் உபசாரமே அதற்குக் காரணம் என்பதைச் சற்று ஆலோசித்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு வேண்டியவர் ஒருவரின் வீட்டில் இதைக் கண்கூடாகக் கண்டேன். வாசற் கதவின் இருபுறமும் இரண்டு கொடிகள்; வீட்டு அம்மாள் காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றி, மாதந்தோறும் உரக்கடையிலிருந்து யூரியா வாங்கிவந்து தூவி, பிள்ளையைப் போலப் போற்றி வளர்த்திருந்தார். கரும்பச்சை இலைகள் மொட்டைமாடி வரையில் அடர்ந்து ஏறியிருந்தனவே ஒழிய, பெயருக்குக்கூட ஒரு கொத்து இல்லை. தோட்ட வேலைக்கு வந்த முதியவர் ஒருவர் கொடியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அம்மா, தண்ணி ஊத்துறத நிறுத்துங்க. உரமும் வேணாம்” என்றார். “வாடிப்போயிடுமே, பெரியவரே?” என்று அந்த அம்மாள் பதறினார். “வாடட்டும்மா. இலை தொங்கினப்புறம் ஒரு குடம் ஊத்துங்க. இந்தக் கொடிக்குக் கொஞ்சம் காய்ச்சல் வேணும், காயப்போட்டாத்தான் பூக்கும்.” பொங்கல் கழிந்து இது நடந்தது. மாசி பிறந்து சில நாட்களில், இலைகள் பாதி உதிர்ந்த கொம்புகளின் நுனியெல்லாம் செக்கச் சிவந்த ஏடுகள் தோன்றலாயின. பங்குனியில் அந்த வாசலில் இலையைத் தேடிக் காண வேண்டியிருந்தது. அந்த முதியவர் தாவர நூல் எதையும் படித்தவர் அல்லர். மொட்டின் சூட்சுமத்தை ஆராய்ச்சிக் கூடத்தில் கண்டறிந்தவர்கள் சொன்னதையே அவர் தம் அனுபவத்தால் சொன்னார்.

ஆகவே, இக்கொடியை நட எண்ணுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வெயிலை. தினம் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் இதை நட்டு, பூக்கவில்லையே என்று ஏங்குவது வியர்த்தம். அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது வடிகால். செம்மண் பூமியில் கவலை இல்லை. இரண்டடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, மக்கிய தொழுவுரத்தையும் மணலையும் மேல்மண்ணோடு கலந்து நிரப்பினால் போதும். கரிசலிலும் களிமண்ணிலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வேரடியில் நீர் தேங்கி வேர் அழுகிவிடும். அங்கே மணலும் செங்கல் ஜல்லியும் கலந்து மேடு கட்டி, அதன்மேல் நட வேண்டும். தொட்டியில் வைப்பவர்கள் அடித்துவாரம் அடைபடாமல் பார்த்துக்கொள்வதோடு, பெரிய தொட்டியாகத் தேட வேண்டாம். வேர் சற்று நெருக்குண்டு இருப்பதை இது விரும்புகிறது. நடும்போது ஒரு ஜாக்கிரதை முக்கியம். இதன் வேர்கள் மிக மெல்லியவை. நர்சரிப் பையைக் கிழிக்கையில் மண்கட்டி உடைந்தால் செடி மாதக்கணக்கில் தயங்கி நிற்கும், சில சமயம் பட்டும் போகும். பையின் அடியை அறுத்துக் குழியில் இறக்கி, பிறகு பக்கவாட்டில் கிழித்து உருவிவிடுவது உசிதம். முதல் வருஷம், வேர் பிடித்து ஊன்றும் வரையில், தண்ணீர் தரத்தான் வேண்டும். ‘இது வறட்சிக் கொடி’ என்று நட்ட மறுநாளே கைவிடுவது இரக்கமற்ற செயல். ஊன்றியபின், மண் நன்றாகக் காய்ந்தால் ஒருமுறை நிறைய நீர் விட்டு, மறுபடியும் காயவிட வேண்டும். யூரியாவை மறந்துவிடலாம். அடுப்புச் சாம்பலும் எலும்புத்தூளும் கொஞ்சம் தொழுவுரமும் வருஷத்துக்கு ஒருமுறை இட்டால் தாராளம்.

கவாத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம் ஊர்களில் இதற்கு நேரும் அநீதிகளுள் பெரியது கத்தரியால்தான் நேருகிறது. இக்கொடி புதுத் துளிரின் நுனியிலும் அதையொட்டிய கணுக்களிலுமே பூக்கும். கோடைப் பூ ஓய்ந்தபின், ஆடி மாதத்தில், பழங்கொம்புகளைத் தைரியமாகக் குறைத்து, உள்ளே நெருங்கிக் கிடக்கும் மெலிந்த குச்சிகளையும் பட்டுப்போனவற்றையும் அடியோடு எடுத்துவிட்டால், மழைக் காலத்தில் துளிர்த்து ஓடி, பனி தொடங்கி மண் உலர்ந்ததும் தை முதல் பூக்க ஆரம்பிக்கும். அதன் பிறகு ஒவ்வொரு பூப்பருவம் முடிந்ததும் நுனியைக் கொஞ்சம் கிள்ளிவிட்டால் அடுத்த துளிர் வரும். இதற்குமேல் வெட்ட வேண்டியதில்லை. நகரத்துப் பூங்காக்களிலும் சாலைச் சந்திப்புகளிலும் நடப்பதோ வேறு. உருண்டையாகவும் சதுரப் பெட்டியாகவும் ஆகிருதி தோன்ற வேண்டும் என்பதற்காக, பருவம் பாராமல், ஓயாமல், யந்திரத்தைக் கொண்டு தலையையும் விலாவையும் சமமாகச் சீவித் தள்ளுகிறார்கள். சீவப்படுவது எது? பூக்கப்போகும் நுனி. இன்னும் இரண்டொரு வாரத்தில் வர்ணம் ஏற வேண்டிய துளிர்கள் குப்பை வண்டியில் ஏறிப்போக, எஞ்சி நிற்பது இலையும் முள்ளும் நிறைந்த ஒரு பச்சைப் பெட்டி. பூவுக்காகவே நடப்பட்ட கொடியைப் பூக்கவிடாமல் பராமரிப்பதற்குப் பொதுப் பணம் செலவழிகிறது. உருவத்தைச் சீராக வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமென்றால் அதற்குப் பொருத்தமான செடிகள் எத்தனையோ இருக்கின்றன. போகன்வில்லாவின் அழகு அது வளைந்து தொங்கும் நெடிய கொம்புகளில் இருக்கிறது. அதைப் பெட்டிக்குள் அடைப்பது அதன் சுபாவத்தையே மறுப்பதாகும். ஒப்பந்தப் பத்திரத்தில், கவாத்து செய்ய வேண்டிய மாதம் இன்னது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இந்தக் கேடு நீங்கிவிடும்.

தேசிய நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டுகளில் இதை நட்டவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அனல் வீசும் தாருக்கும் புகைக்கும் நடுவே, இரவில் எதிர்வரும் வண்டிகளின் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்யாதபடி மறைத்து, அதிகத் தண்ணீர் கேளாமல் நிற்கும் குணம் சில செடிகளுக்கே உண்டு. அரளியும் இதுவும் அவற்றுள் முக்கியமானவை. கடலோரத்து உப்புக் காற்றையும் இது பொறுத்துக்கொள்கிறது. புதுச்சேரியின் பழைய பிரெஞ்சு வீதிகளில் மஞ்சட்பூச்சுச் சுவர்களின்மேல் இது வழிந்து தொங்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனவிருத்திக்குப் பெரிய பிரயத்தனம் எதுவும் வேண்டாம். கவாத்தில் விழும் கொம்புகளில், பென்சில் பருமனில், நன்கு முற்றியும் முற்றாமலும் உள்ளவற்றைத் தேர்ந்து, மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி அரையடி நீளத்துக்குச் சற்று அதிகமாக நறுக்கி, இலைகளை நீக்கி, மணல் கலந்த மண்ணில் இரண்டு கணு புதையும்படி ஊன்றி, நிழலில் ஈரம் காக்க வேண்டும். ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் வேர் பிடிக்கும். எல்லாக் குச்சியும் பிழைக்காது. ஆகையால் வேண்டியதைவிட அதிகமாகவே ஊன்ற வேண்டும். வேர் பிடிக்க மறுக்கும் அடுக்கு ரகங்களுக்கு விண்பதியன் போடுவது உண்டு.

ரகங்களைச் சொல்லப் புகுந்தால் இடம் போதாது. கருஞ்சிவப்புக்குப் பேர்போன ‘மிஸஸ் பட்’ என்னும் ரகம் 1910இல் கொலம்பியா தேசத்துக் கார்த்தஹேனா நகரில் ஒரு பெண்மணியின் கண்ணில் பட்டு, அவர் பெயராலேயே உலகெங்கும் பரவியது. அதன் கிளையொன்று தானாகவே மாறி, ஒரே கொடியில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்து பூக்கும் ‘மேரி பாமர்’ ஆனது நம் தேசத்துக் கல்கத்தாவில். லக்னௌவின் தேசியத் தாவர ஆராய்ச்சி நிலையம் ‘பேகம் சிக்கந்தர்’, ‘வாஜித் அலி ஷா’ முதலிய ரகங்களை அளித்திருக்கிறது. உலகத்தில் எங்கே ஒரு புதிய போகன்வில்லா ரகம் தோன்றினாலும் அதன் பெயரை முறைப்படி பதிவு செய்யும் அதிகாரம் டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்தது. அந்தத் துறையில் உலகத்துக்கே பதிவேடு வைத்திருக்கும் தேசத்தில், நம் நர்சரிகளில் ‘பிங்க்கு’, ‘வெள்ளை’, ‘ஆரஞ்சு’ என்று மூன்று பெயர்களோடு வியாபாரம் முடிந்துவிடுவது எனக்கு மனக்குறையாகவே இருக்கிறது. ரகத்தின் பெயரைக் கேட்டு வாங்கும் வழக்கம் நம்மிடம் வந்தால் விற்பவர்களும் பெயரோடு விற்பார்கள்.

இனி ஆக்ஷேபங்களுக்கு வருவோம். முள் குத்தும் என்பது மெய்தான். பிள்ளைகள் ஓடியாடும் நடைபாதைக்குள் கொம்பு நீண்டு வராமல் கட்டிவைக்க வேண்டும், கவாத்துச் செய்யும்போது தடித்த கையுறை அணிய வேண்டும். உதிர்ந்த ஏடுகள் காற்றில் பறந்து அண்டை வீட்டு வாசலை அடைகின்றன என்பதும் மெய். அவற்றைக் கூட்டி வேரடியிலேயே போட்டால் மக்கி எருவாகிவிடும். புதர் அடர்ந்தால் பாம்பு சேரும் என்று அஞ்சுகிறவர்கள், தரையிலிருந்து இரண்டடி உயரம் வரையில் பக்கக் கிளைகளை நீக்கி, அடியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளட்டும். மின்கம்பிக்குக் கீழே மாத்திரம் எக்காரணம் கொண்டும் இதை நடக்கூடாது. முள்ளுள்ள செடி வீட்டுக்கு ஆகாது என்று சொல்லுகிறவர்களும் உண்டு; ரோஜாவை விரும்பி வளர்க்கும் வீடுகளில் இந்தக் காரணத்தைச் சொல்வது எப்படிப் பொருந்தும் என்பது எனக்கு விளங்கவில்லை. மணமில்லை என்பதற்கு நான் மறுமொழி சொல்லப் போவதில்லை. முல்லை வேண்டுமென்பவர்கள் முல்லையை வளர்க்கட்டும்; முற்றத்தின் நிழலும் கிணற்றடி ஈரமும் அதற்கு உகந்தவை. நான் கேட்பதெல்லாம், முல்லை பிழைக்க முடியாத அனல் வெயிலில், தண்ணீர் எட்டாத மதிலோரத்தில், எதை நடப்போகிறோம் என்பதே.

மதில் என்றதும் நம் ஊர்களில் பெருகிவிட்ட ஒரு வழக்கம் நினைவுக்கு வருகிறது. சுற்றுச்சுவர் எழுப்பியவுடன், அதன் தலையில் சிமெண்டைப் பூசி, உடைந்த பாட்டில்களின் சில்லுகளை வரிசையாகப் பதித்துவிடுகிறார்கள். வசதி உள்ளவர்கள் முட்கம்பிச் சுருளை நீளமாக விரித்துவிடுகிறார்கள். திருடன் ஏறக்கூடாது என்பது நியாயமான கவலைதான். ஆனால், தெருவில் போகிற ஒவ்வொருவரையும் திருடனாகப் பாவித்து, நிராயுதபாணியான பூனையின் காலையும், பந்தெடுக்க ஏறும் சிறுவனின் கையையும் ஒன்றுபோலக் கிழிக்கும் அந்தச் சில்லுகளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் துணுக்குறுகிறது. நான்கைந்து வருஷம் வளர்ந்து மதிலின்மேல் படர்ந்து கிடக்கும் போகன்வில்லாவைத் தாண்டிக் குதிக்க யாரும் எளிதில் துணிய மாட்டார்கள். முட்கம்பி செய்யும் வேலையை அது செய்கிறது. செய்துகொண்டே, தெருவுக்கு வர்ணத்தையும், கொண்டைக்குருவிக்குக் கூடு கட்ட மறைவிடத்தையும், சுவரின் சூட்டைத் தணிக்கும் நிழலையும் தருகிறது. அரவிந்த ஆசிரமத்து அன்னை மலர்களுக்கு ஆத்மார்த்தமான பெயர்கள் சூட்டியபோது, இம்மலருக்கு அளித்த பொருள் பாதுகாப்பு என்பதாகும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நட்டு, மதிலின் வெயில் பக்கத்தில் அடிக்கொரு கொக்கி அடித்துக் கம்பி ஓட்டி, இளங்கொம்புகளைத் துணிக்கீற்றாலோ சணலாலோ தளர்வாகக் கட்டிவிட்டால், அடுத்த வருஷம் முதல் அது தன் வழியைத் தானே கண்டுகொள்ளும்.

2019ஆம் வருஷக் கோடையை நாம் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்கு உயிரூட்டும் ஏரிகள் வறண்டு, ஜனங்கள் குடங்களோடு தண்ணீர் லாரியின் வரவை எதிர்நோக்கி நின்றார்கள். அப்படிப்பட்ட கோடைகள் மறுபடியும் வரும். குடிநீருக்கே தவிக்கும் ஊரில் அலங்காரத்துக்காகப் புல்தரைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை எந்த நியாயத்தைக் கொண்டும் சமாதானம் சொல்ல இயலாது. அதற்காக, பூவே இல்லாத ஊர்களில் நாம் வாழ வேண்டும் என்பதும் இல்லை.

பள்ளிக்கூடங்களின் தலைமையாசிரியர்களுக்கும், பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும், புதிதாக மதில் கட்டும் குடும்பத்தாருக்கும் என் வேண்டுகோள் இது. கண்ணாடிச் சில்லுக்கும் முட்கம்பிக்கும் ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொக்கிக்கும் கம்பிக்கும் கொடுங்கள். பூங்காப் பராமரிப்பை ஏற்றிருக்கும் நகராட்சி அதிகாரிகளே, தை முதல் வைகாசி முடிய கத்தரியை உறையிலேயே இருக்கவிடுங்கள். ஆடி பிறந்ததும் தெருவில் எந்த வீட்டிலாவது கவாத்து நடக்கும். கேட்டால் யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். பத்துக் குச்சிகள் வாங்கிவந்து ஊன்றுங்கள்.